பத்துக் கிலோவுக்குக் கீழே

புதுவயலில் இரவு பத்துக்கு மேல் வருகிற நெல் லாரி
என் எடைமேடையில் ஏறாமல் ஆலைக்குள் போக முடியாது.
ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில்
எட்டுப் பக்கம்.
டிரைவர் டீ குடிக்கப் போனால் பதினொன்று.

அப்படித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்,
காரைக்குடி நூலகத்தில் எடுத்த பேய் நாவலை.

இந்தப் பேய்க்குப் புளியமரம் கிடையாது.
கொலுசு, மல்லிகை, வெள்ளைப் புடவை
ஒன்றுமில்லை.
சென்னையில் ஒன்பதாம் மாடி,
எண்ணூற்று நாற்பது சதுர அடி.
இருபது வருடத் தவணையில் நான்கு மட்டும் கட்டிவிட்டுச்
செத்துப்போனவள் கமலினி.
மீதியைக் கட்டாமல் போக மனசில்லை.
மாதம் ஐந்தாம் தேதி
புருஷன் கணக்கில் பணம் விழுகிறது,
அனுப்பியவர் பெயர் இல்லாமல்.

அவன் வங்கிக்குப் போய்ப் புலம்புகிறான்.
மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
"வந்தா வெச்சுக்குங்க சார்" என்கிறார்.
தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன்.
பக்கம் திருப்பினால்
லிஃப்ட் கதவு திறக்கிறது.
உள்ளே யாருமில்லை.
அவன் இன்னும் காலெடுத்து வைக்கவில்லை.
'அதிக எடை' என்று சிவப்பு விளக்கு எரிகிறது.

புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன்.
தவிட்டு வாசனை. வெந்த நெல்லின் சூடு.
கொதிகலன் நீளமாய்ப் பெருமூச்சு விட்டது.
தினமும் விடுவதுதான்.
இன்றைக்கு மட்டும் ஏன்
என்னை யோசித்து விட்டதுபோல் இருந்தது?

இந்தப் பக்கத்தில் பேய்க்கு வழி கேட்டால்
கானாடுகாத்தானுக்கும் கண்டனூருக்கும் கை காட்டுவார்கள்.
அறுபது அறை, பூட்டிய கதவு, பர்மாத் தேக்கு.
அங்கெல்லாம் வயரிங் வேலைக்குப் போயிருக்கிறேன்.
இரண்டாம் கட்டில் தனியாகத் தூங்கியிருக்கிறேன்.
வௌவால்கூட என்னைச் சட்டை செய்யவில்லை.
அவ்வளவு இடம் கிடந்தால்
பேய் ஒரு மூலையிலும் மனுஷன் ஒரு மூலையிலுமாய்க்
காலம் தள்ளிவிடலாம்.
கமலினி வீட்டில் திரும்பினால் தோள் இடிக்கிறது.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்க ஓரத்தில்
யாரோ பென்சிலால்: 'லைட்டைப் போட்டுக்கொள்.'
எரிகிற குழல்விளக்கின் கீழே
மேசை விளக்கையும் போட்டேன்.
நூற்று நாற்பதில்: 'சொன்னேன்ல.'
இருநூற்று மூன்றுக்குப் பிறகு பென்சிலே இல்லை.
படிக்கிற வேகத்தில் மறந்துவிட்டாரா,
அல்லது

"சவரி! சீட்டு!"
கண்ணாடியை ஓங்கித் தட்டினார் காசிலிங்கம்.
நாற்காலியோடு பின்னால் சாய்ந்தவனைப் பார்த்து
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
என்ன கதை என்றார்.
லிஃப்ட் வரைக்கும் சொன்னேன்.
"அப்புறம்?"
அப்புறம் நீங்களே படிங்க.
திட்டிக்கொண்டே ஏறினார்.
சாவியைத் திருகுமுன்
பக்கத்து இருக்கையை ஒருதரம் பார்த்ததை
நான் பார்த்துவிட்டேன்.
எனக்கு அது போதும்.

மணி இரண்டே முக்கால்.
மேடை காலி. திரையில் பச்சையாய் ஒரு பூஜ்யம்.
இந்த எந்திரம் பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
தினம் இந்நேரம் ஒரு பூனை குறுக்கே போகும், பூஜ்யம்.
மழை சற்று நனைத்துவிட்டுப் போகும், பூஜ்யம்.
ஐந்து வருடமாய் அதை நம்பித்தான்
'காலி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

மீதி முப்பத்தொரு பக்கம்.
நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று
என்னிடமே பொய் சொல்லிப் பார்த்தேன்.
லாரி ஏதாவது வந்தால் தேவலை.
வராவிட்டாலும்.

எதற்கும் இருக்கட்டும் என்று எழுந்து
காலி மேடையைப் பார்த்து,
டிரைவர்களுக்குக் காட்டுவேனே, அதேமாதிரி
கையை வீசிக் காட்டினேன்:
சரி, எடை போட்டாச்சு, எடுக்கலாம்.

பிறகு விளக்கைக் கிட்டே இழுத்துக்கொண்டு
இருநூற்று எண்பத்தெட்டு.